பகலில் படுப்பவன் வீடு

வேறு ஏதோ ஓர் ஆலையில் ஒருத்தன் மாதக்கணக்கில் பொட்டுத் தூக்கமில்லாமல் அலைந்தானாம். மருந்தில்லை, மாத்திரையில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தானாம். மூன்றாம் நாள் ஆள் போய்த் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்றாம். இந்தத் துணி ஆலையில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டருக்கு இதைச் சொன்னது அவர் மச்சான். மச்சானுக்கு யார் சொன்னார்களோ, அது ஃபிட்டருக்கும் தெரியாது.

"நம்ம ராக்கோழிக்கும் இதான் வைத்தியம்" என்று, காலையில் வேலை முடிந்து கை கழுவும் இடத்தில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சிரித்தார்கள். ராத்திரி வேலையால் அந்தப் பேர் வாங்கியவனும் சிரித்துவைத்தான். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

துணி ஆலையின் பாய்லருக்கு இரவெல்லாம் காவல் அவன்தான். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, வேலை அவ்வளவுதான். போன மாதம் பாய்லர் இரைச்சலுக்கு நடுவே, நின்றவாக்கிலேயே கண் செருகிவிட்டது. அலாரம் அலறி விழித்தபோது குழாயில் தண்ணீரைக் காணோம். கலக்கத்தில் பம்பைப் போடக் கை நீட்டினான். வறண்டு பழுத்துக் கிடக்கும் பாய்லருக்குள் அந்த நேரம் தண்ணீர் விட்டால் வெடித்துக் கூரை மிஞ்சாது. எங்கிருந்தோ ஓடிவந்த ஃபிட்டர் அவன் கையைத் தட்டிவிட்டுத் தீயை நிறுத்தினார்.

அவர் திட்டவில்லை. "மேல யாருக்கும் சொல்ல மாட்டேன்டா. ஆனா இன்னொரு வாட்டி நடந்துச்சு, நானே போய் உன்னை இங்கேருந்து தூக்கச் சொல்லிடுவேன். உனக்கு மட்டுமா வீடு வாசல் இருக்கு?"

தூக்க மாத்திரை சாப்பிடுகிறவனைப் பாய்லர் பக்கமே விடமாட்டார்கள். ஆகவே ஆலை நர்ஸம்மா சொன்னதையெல்லாம் செய்து பார்த்தான். டீயை நிறுத்தினான். தலைவலிதான் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பால் குடித்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தான். மூச்சை இழுத்து நிதானமாக விடச் சொன்னார்கள், விட்டான். அது மூச்சாக மட்டும் இருந்தது.

வீட்டுக்குள் சத்தம் என்பது எப்போதோ போய்விட்டது. அவன் பகலில் படுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். பாத்திரத்தைத் துணி விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். போன் எந்நேரமும் சைலண்டில். ஒருமுறை அது மணியடித்ததற்கு அவன் எழுந்து வந்து அதைச் சுவரில் வீசியதில், கண்ணாடி குறுக்கே கீறல் விட்டுவிட்டது. கீறலோடுதான் மனைவி இன்றும் வைத்திருக்கிறாள். அவள் தைத்துக்கொண்டிருந்த மிதி மிஷின் போர்வை போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. வாடிக்கைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் செய்தும் தூக்கம் வரவில்லை. படுத்தால் காது தானாகத் தீட்டிக்கொண்டுவிடும். இப்போது டம்ளர் விழும், இப்போது குழந்தை சிரிக்கும் என்று எதிர்பார்த்தபடியே கிடப்பான். விழாது. சிரிக்காது. அடுத்த நொடிக்காகக் காத்திருப்பான்.

அப்படியிருக்கையில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மனைவி போய்வந்தாள். அவன் எழுந்து முகம் கழுவும்வரை பொறுத்திருந்து, அப்போதும் தணிந்த குரலிலேயே சொன்னாள்.

"பாப்பா வாயே திறக்க மாட்டேங்குறாளாம். கேள்வி கேட்டா உதடு மட்டும் அசையுதாம். காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க."

"நல்லாத்தானே கேக்குது?"

"காதுல ஒண்ணுமில்லீங்க. அவளுக்குக் குரல்னா என்னன்னே தெரியல. விளையாடுற இடத்துலயும் குசுகுசுன்னுதான் பேசுறாளாம். பசங்க அவளைப் பேய்னு கூப்பிடுதுங்க."

குழந்தை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவன், "எங்க, அப்பான்னு சத்தமா ஒரு தடவை கூப்பிடு பார்ப்போம்" என்றான்.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, காற்றாக, "அப்பா" என்றது.

 அந்தக் காற்றுக் குரலைக் கேட்டதும், இவ்வளவு நாள் உள்ளே உட்கார்ந்திருந்த பேச்சு வெளியே வந்துவிட்டது. "கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல போய் இருங்களேன். அங்க அவ ஓடியாடி கத்தட்டும். நானும் தூங்கிடுவேன். ஒருத்தன் அப்படித்தான் தூங்கி நல்லாயிட்டானாம்."

"யாரு அந்த ஒருத்தன்?"

"ஃபிட்டர் அண்ணனோட மச்சானுக்குத் தெரிஞ்சவன்."

"ஊர் பேர் தெரியாத ஒருத்தன் தூங்கினதுக்கு நாங்க மூட்டை கட்டணுமா?" என்றாள்.  அவளே தொடர்ந்தாள். "சரி. எங்களாலதான் உங்க தூக்கம் போச்சுன்னு இனி ஒரு நாளும் சொல்லிடாதீங்க. அதுக்காகப் போறேன்."

பெட்டியின் ஜிப்பைக்கூடச் சத்தம் வராமல் பல் பல்லாக இழுத்து மூடினாள். போகும்போது கதவைத் தூக்கிச் சாத்தினாள்.

அன்று அவன் படுத்தான். வீடு பாழுங்கிணற்றின் ஆழம் போல் இருந்தது. காது வழக்கம்போலத் தீட்டிக்கொண்டது. ஆனால் காத்திருக்க ஒன்றுமில்லை. இல்லாத டம்ளர் விழுமா என்று கேட்டுக்கொண்டு கிடந்தான். மறுநாளும் அப்படியே. தினமும் அவளுக்குப் போன் செய்வான், அவள், "தூங்கினீங்களா?" என்பாள், "ம், பரவாயில்ல" என்று பொய் சொல்வான். பாப்பா கத்துகிறாளா என்று கேட்டான். "இன்னும் இல்ல" என்றாள்.

வாரம் ஒன்று போனது. அன்று காலை கை கழுவும் இடத்தில் ஃபிட்டரிடம் கேட்டான். "அண்ணே, வீட்டைக் காலி பண்ணிட்டுத் தூங்கினானே ஒருத்தன், அப்புறம் என்ன ஆனான்?"

ஃபிட்டர் சோப்பைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். "மச்சான்கிட்ட நானும் கேட்டேன்டா. நல்லாத்தான் தூங்குறானாம். பெண்டாட்டிதான் திரும்பி வரலியாம்." பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "அட, யாரோ சொன்னதை யாரோ சொன்னது. நீ அதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு" என்றார். "ராத்திரி குழாயைப் பார்த்துக்கிட்டே ஆடிட்டு இருந்த. நான் பார்க்காத மாதிரி போயிட்டேன். இன்னைக்கும் அப்படிப் போக மாட்டேன்."

வீட்டுக்கு வந்தவன் படுக்கைக்குப் போகவில்லை. மூலையில் நின்ற மிஷினின் போர்வையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தான். ஊசியில் நூல் இல்லை, துணி இல்லை. சும்மா மிதித்தான். எண்ணெய் காணாத சக்கரம் கிறீச்சிட்டு, பிறகு தடதடவென்று ஓடத் தொடங்கியது. மரப்பலகை அதிர்ந்தது. அதிர்வு முழங்கை வழியே ஏறியது. தலையைப் பலகையில் சாய்த்தான். பாய்லர் அறையில் வந்து காலை வாரிவிட்ட அதே கனம், கண்ணுக்குப் பின்னாலிருந்து மெல்ல இறங்கியது.

விழித்தபோது கால் நின்றுபோயிருந்தது. அந்த அமைதிதான் எழுப்பியிருந்தது. கன்னத்தில் பலகையின் ஆணித்தடம். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. தூங்கியிருந்தான், அது நிச்சயம். கனவுகூட வந்திருந்தது.

இத்தனை காலம் எதை அடைத்து வைத்தோம் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. அவள் தைத்துக்கொண்டே இருக்கட்டும். பாத்திரம் உருளட்டும். பாப்பா தொண்டை கிழியக் கத்தட்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் படுத்தால் தூக்கம் வந்துவிடும். இன்றே வந்துவிட்டார்களானால், ராத்திரி பாய்லருக்குப் போவதற்குள் ஒரு தூக்கம் தூங்கிவிடலாம். இதை உடனே அவளிடம் சொல்ல வேண்டும், அவள் கேள்வி கேட்பதற்கு முன்னால், பொய் எதுவும் சொல்லாமல்.

போனை எடுத்து அழைத்தான். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அழைத்தான்.

அக்கா வீட்டில் எந்த அறையில் இருக்கிறாளோ. பாப்பா எங்கே விளையாடுகிறதோ. தலையணைக்கு அடியிலோ பைக்குள்ளோ, திரை கீறிய அந்தப் போன் சத்தமில்லாமல், வெளிச்சம் மட்டும் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருக்கும். யார் பழக்கிய பழக்கம் அது.

வேலைக்குப் போகிற சட்டை கதவில் தொங்கியது. ஒரு கையால் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி, காலால் மிஷினை மெல்ல மிதித்தான். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது.