ஆறு பேர் ஆட்டத்தில் ஒருத்தி

அந்தக் கணினி ஆட்டத்தில் ஆறு பேர் சேர்ந்து போகலாம். வாள் பிடிப்பவன், அம்பு விடுபவள், மந்திரம் போடுகிற கிழவர், காயத்தை ஆற்றுகிறவள் என்று வழியில் ஒவ்வொருவராக வந்து, நானும் வரட்டுமா என்று கேட்பார்கள். நான் ஒருவரையும் சேர்க்கவில்லை. ஒரே ஆளை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் முடிப்பது என்று ஒரு வைராக்கியம். இப்படி ஆடுகிறவர்கள் உண்டு என்பதே ஆபீஸ் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பாதியில் விட்டுவிட்டாள். நான் ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மயிலாப்பூரில் இரண்டாவது மாடி வீடு. நானும் அம்மாவும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா விழுந்து இடது இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆனது. ஆனாலும் கட்டிலோடு தங்கிவிட்டாள். நான் பிடித்துக்கொண்டால் நாற்காலி வரை வருவாள், அவ்வளவுதான். எனக்கு வீட்டிலிருந்தே மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. மனுஷர்களைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கண்தான் என்று அண்ணா சொல்வான். மத்தியானம் சாப்பாடு கொடுத்து, அம்மாவை என் பக்கம் பார்த்தபடி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, எதிரே மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆடுவேன். அவள் தூங்குவாள் என்று பேர். தூங்கமாட்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"மத்தவாள்லாம் எங்கேடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சத்திரத்துல இருக்காம்மா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அங்க என்ன பண்ணிண்டிருப்பா?"

"ஒண்ணும் பண்ணமாட்டா. நின்னுண்டே இருப்பா."

"சாப்பிட்டாளோ என்னமோ, பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மறுவாரமும் அதையே கேட்டாள். அப்போது எரிச்சல் வந்தது.

தனியாக ஆடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. ஒரு சண்டையில் ஜெயித்தால் கிடைக்கும், பலத்தைக் கூட்டுகிற அனுபவப் புள்ளிகளை ஆறாகப் பங்கு போட வேண்டாம். முழுக்க ஒருத்திக்கே. அதனால் மளமளவென்று வளரலாம். பாதிக் கதைக்குள் என் ஆள் மலை மாதிரி ஆகிவிட்டாள். தன் கையே தனக்குதவி என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். அண்ணாவும் மன்னியும் அடையாறில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் அரை மணியில் வந்துவிடலாம். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று மன்னியிடம் இருந்தது. ஒருநாள் நான் படுக்கையில் விரிக்க ரப்பர் ஷீட் வாங்க தி.நகர் போயிருந்தேன். திரும்பி வந்தால் மன்னி உள்ளே இருக்கிறாள். அம்மாவுக்குத் தயிர் சாதமும் தொட்டுக்கொள்ள மாவடுவும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ரத்தக் கொதிப்புக்காரிக்கு மாவடு! மாத்திரை டப்பாவும் இடம் மாறியிருந்தது. நியாயமாக இதற்குத்தான் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அம்மா சிரித்துக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுவாரம் மன்னியிடம், "பூட்டு தகராறு பண்றது, மாத்தப்போறேன், சாவியைக் கொடுத்துடுங்கோ" என்றேன். கொடுத்துவிட்டாள். நான் பூட்டை மாற்றவில்லை. பத்து நாள் அம்மாவை எங்காத்துல வெச்சுக்கறோமே என்று அண்ணா கேட்கும்போதெல்லாம், "உங்களுக்கு என்ன தெரியும்? அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா?" என்று வாயை அடைத்துவிடுவேன். பாவம், அவர்களும் பேசாமல் போய்விடுவார்கள்.

ஆட்டத்தில் ஒரு மந்திரவாதியிடம் வந்து மாட்டிக்கொண்டேன். அவன் அடிப்பதில்லை. கட்டு போடுவான். கை கால் அசையாது. கூட இன்னொருவர் இருந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடலாம், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தனியாக இருந்தால் சாகிற வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என் ஆளின் பலம் எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. பதினோரு தடவை செத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தால் அதன் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கம்பி உள்ளே சிக்கிக்கொண்டது. பக்கெட்டால் இடித்தேன், தோளால் முட்டினேன். கதவு அசையவில்லை. போன் ஹாலில் இருந்தது. வாசல் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டுதான். ஆனால் சாவி மூன்றும் என் பீரோவில்.

"என்னடி சத்தம்?" என்றாள் அம்மா.

சொன்னேன். உடனே கட்டில் கிறீச்சிட்டது.

"இரு, நான் வரேன்."

"அம்மா, எழுந்துக்காதே! சொல்றதைக் கேளு, எழுந்துக்காதே!"

மறுபடி கிறீச். அதற்குப் பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதில் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. விழுந்துவிட்டாளா, விழப்போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கை காலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றுக்கும் உதவவில்லை.

ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே வாயை வைத்துக் கத்தினேன். தெருவில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா ஆச்சு? ஏன் கத்திக்கினு கீறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அண்ணாவுக்குப் போன் பண்ணுங்கள் என்றேன். நம்பர் சொல்ல வாயெடுத்த பிறகுதான் உறைத்தது. அண்ணாவின் நம்பர் எனக்குத் தெரியாது. மன்னியின் நம்பரும் தெரியாது. எல்லாம் போனுக்குத்தான் தெரியும்.

"உங்க அண்ணி நம்பர் என்னாண்ட கீதுக்கா," என்றார் அவர். "எதுனா அவசரம்னா கூப்புடுன்னு அன்னிக்கே குடுத்துட்டுப் போனாங்க. நீங்க பயப்படாதீங்க, நான் தச்சரையும் இட்டாரேன்."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போன அன்றைக்குத்தான் இருக்கும்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசல் கதவை உடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மன்னியின் குரல், "ஒண்ணுமில்லைம்மா, நான் வந்துட்டேன், பிடிச்சுக்கோங்கோ" என்று. அந்தக் குரலைக் கேட்டதும் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் கதவையும் உடைத்து வெளியே வந்து பார்த்தபோது, அம்மா கட்டிலின் விளிம்பில் மன்னியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் தரைக்கும் கட்டிலுக்கும் நடுவே தொங்கியது. அத்தனை நேரமும் என்னைக் காப்பாற்ற வருவதற்காக அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பயத்தில் நாக்கு எழவில்லையாம். புடவை நனைந்திருந்தது. மன்னி மாற்றிவிட்டாள். நான் சும்மா நின்றேன்.

எல்லாம் ஆன பிறகு மன்னி வாசலில் கிடந்த பூட்டை எடுத்தாள். பழைய பித்தளைப் பூட்டு. ஐந்து வருஷம் அவள் திறந்து மூடிய அதே பூட்டு. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

அன்று சாயங்காலம் அம்மாவே கேட்டாள். "கொஞ்ச நாள் அவாத்துல போய் இருக்கேண்டி. நாலு பேர் வந்து போற இடத்துல இருக்கணும் போல இருக்கு." முடியாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது? மறுநாள் அண்ணாவும் துணி தேய்க்கிறவரும் நாற்காலியோடு அவளைக் கீழே தூக்கிப் போனார்கள். கார் கிளம்பும்போது அம்மா மன்னியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாடியில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. தச்சர் போட்டுக் கொடுத்த புதுப் பூட்டின் சாவி ஒன்றை முன்னமே நானே மன்னியின் கையில் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் வழக்கம்போல ஆட்டத்தைத் திறந்தேன். சத்திரத்துக்குப் போய் அங்கே நின்றுகொண்டிருந்த ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டு மந்திரவாதியிடம் போனேன். முதல் வீச்சிலேயே ஐந்து பேரும் விழுந்துவிட்டார்கள். பிறகுதான் அவர்களுடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். வழியில் முதலில் வந்து கேட்ட நாளில் என்ன பலமோ அதேதான். ஒரு சண்டைக்கும் கூட்டிப்போகாவிட்டால் எங்கிருந்து வளர்வார்கள்? இதைத்தானே இரண்டு வருஷமாக, உங்களுக்கு என்ன தெரியும் என்று அண்ணாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. மன்னி. "சாப்பிட்டாச்சு. படுக்க வைக்கணும். எந்தப் பக்கம் திருப்பறது? தப்பாப் பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு."

வலது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். இருங்கோ, நானே வரேன் என்பது அதற்கும் முன்னால் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "அம்மாகிட்டயே கேளுங்கோ மன்னி" என்றேன்.

போனைக் கட்டிலில் வைத்தாள் போலிருக்கிறது. அவள் கேட்டதும் கேட்டது, அம்மா சொன்னதும் கேட்டது.

"இடது பக்கம்தான் எனக்கு சௌகரியம். வலது பக்கம் படுத்தா தோள் விண் விண்ணுன்னு வலிக்கும். ஆபரேஷன் ஆனப்போ டாக்டர் சொன்னார்னு அவ அந்தப் பக்கமே போட்டுண்டிருந்தா. ஒத்தையாக் கிடந்து அல்லாடறது, இதை வேற சொல்வானேன்னு நானும் விட்டுட்டேன்."

மன்னி போனை எடுத்தாள். "இடது பக்கம்னு சொல்றா. அப்படியே பண்ணட்டுமா?"

அம்மா சொன்ன பிறகும் அவள் என் வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"அம்மா சொல்றாளே மன்னி," என்றேன். "அதுதான் சரி."