இசைவாணியை யாரும் தூக்க வேண்டாம்

இசைவாணிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அப்போது எதிரில் இருப்பவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. திண்டிவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், பில் போடுகிறோம். மண்டிக்காரருக்கு அவளிடம் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் பெருமை அதைவிட அதிகம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கால்கள் இயங்காது. சக்கர நாற்காலிதான். பள்ளியில் வகுப்புகள் மாடியில் நடந்ததால், பன்னிரண்டாவது வரை அப்பா கோதண்டபாணியின் முதுகில் ஏறித்தான் படித்தாள். கழனி வேலையைப் போட்டுவிட்டுக் காலையும் மாலையும் ஓடி வருவார் மனிதர். ஊரே அவரைக் கொண்டாடியது. பள்ளிக்கூடத்தை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்க ஆசைப்பட்டாள். பயிற்சி மையம் மாடியில். அதை நடத்தும் ஜெகதீசன் நல்ல மனுஷர், அதுதான் தொல்லை.

"நம்ம பசங்க தூக்கிக்கினு போயிடுவாங்கம்மா. நீ ஏன் கவலைப்படறே?"

கீழே பெரிய கூடம் இருந்தது. அதில் மாணவர்களின் பைக்குகள் நின்றன.

"பைக்கு மாடி ஏறாதுன்னு கீழ எடம் குடுத்திருக்கீங்க சார். நானும் ஏற மாட்டேன். கிளாஸைக் கீழ வைங்க" என்றாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆன்லைனில் படித்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

அவள் விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி மாவட்ட நிர்வாகத்திடம் புகார் கொடுத்தாள். இருக்கிற கட்டடங்களைச் சரிசெய்ய அந்தச் சட்டம் கொடுத்த ஐந்து வருஷக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அந்தச் செய்தி கட்டடங்களுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. ஒருவழியாக விழுப்புரத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா, மகள், துணைக்கு நான். போய்ப் பார்த்தால் விசாரணை இரண்டாவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர்.

அலுவலக உதவியாளர் பூவரசன் இன்னோர் ஆளை அழைத்துக்கொண்டு வந்தார். "வாம்மா, ஜல்தியா தூக்கிக்கினு போயிடறோம். மேடம் வெயிட் பண்றாங்க."

"வேணாங்கண்ணா. கீழ வந்திருக்கேன்னு சொல்லிடுங்க."

"வரலைன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்கம்மா."

அவர் மிரட்டவில்லை, நடப்பதைத்தான் சொன்னார். தூக்கிக்கொண்டு போக விட்டால் ஜெகதீசன் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். மேலே போகாவிட்டால் புகாரே போய்விடும்.

அதற்குள் கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார். அறுபதைத் தாண்டிய முதுகு. "அடுத்தவன் எதுக்கு? ஏறு கண்ணு."

"நீயும் தூக்க வேணாம்ப்பா."

குனிந்தவர் சிறிது நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் கத்தினார். "எத்தினி வருசமா தூக்கறேன்! இன்னிக்கு என்னா கௌரவம் வந்துட்டுது உனக்கு? கேஸே பூடும்டி!"

கூட்டம் கூடிவிட்டது. யாரோ திமிர் என்றார்கள். இசைவாணி அழுதாள். அவளுக்கு அப்பாவை நோகடிப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அழுதுகொண்டே நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

நான் மேலே ஓடினேன். விசாரணை அதிகாரி பிரபாவதியிடம், "அவ வந்துட்டா மேடம். உங்க படிக்கட்டுதான் உள்ள விடல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், எழுந்தார். விசாரணைக்கு வந்து மேலே காத்திருந்த ஜெகதீசனையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, படிக்கட்டடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தூக்க ஆள் குடுக்கறேன்னு அன்பாத்தான் சொன்னேன் மேடம்" என்றார் ஜெகதீசன். "அவங்க அப்பாவே தூக்கித்தான் படிக்க வச்சாரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி கோதண்டபாணி பக்கம் திரும்பினார். மகள் மேல் இருந்த கோபம் அவருக்கு இன்னும் தணியவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. சந்தோசமாத்தான் தூக்கினேன். ஆனா நான் மல்லாட்டை புடுங்கப் போன நாளு, எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போவலிங்க. அந்த லீவெல்லாம் அவ போட்டதில்லைங்க. நான் போட்டது."

ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டார். பைக்குகளை வெளியேற்றிவிட்டு வகுப்பைக் கீழ்க் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"ஒரு பேப்பர் குடுங்க மேடம். ஏற முடியாத எடத்துல விசாரணை வச்சிட்டு, வரலைன்னு எழுதக் கூடாதுன்னு ரூல் வரணும். அடுத்த புகார் இந்த ஆபீஸ் மேலதான்."

பிரபாவதி தன் கோப்பிலிருந்தே ஒரு தாளை உருவி நீட்டினார்.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கோதண்டபாணி மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாட்சிக்கு எம் பேரைப் போட்டுக்கோ கண்ணு."