தலைக்கு எம்புட்டுப் புகை

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனிங் பிரிவில் நான் வேலை பார்த்த வருடங்கள் அவை. காலண்டர் சீசன் ஓய்ந்ததும் பள்ளிக்கூடச் சுவர்ப்படங்கள் அச்சாகும். அந்த முறை சென்னைக் கம்பெனி ஒன்று புதுப் படத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது: ‘பூமியைச் சூடாக்குவது யார்?’

உலக வரைபடத்தில் ஒவ்வொரு நாட்டின் மேலும் ஒரு கரும்புகை மேகம். அந்த நாடு வெளியிடும் மொத்தக் கார்பனுக்கு ஏற்ற அளவில் வரைந்திருந்தார்கள். இந்தியாவின் மேகம் இலங்கையையும் சேர்த்து மூடியிருந்தது. ஐரோப்பாவின் பணக்கார நாடுகள் பலவற்றுக்குப் பொட்டளவு. கீழே சின்னதாகத் தமிழ்நாட்டுப் படம், மாவட்டவாரியாக மேகங்களோடு. ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை இருப்பதால் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு பெரிய மேகம்.

சாயங்காலம் எங்கள் ஊர் அச்சங்குளத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அப்போதுதான் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கிவந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் எங்கள் வீட்டு மின்சாரம். இப்படிப்பட்ட கோடிக்கணக்கான வீடுகளை ஒரே குவியலாகக் கூட்டி, ஒரு குட்டி நாட்டின் பக்கத்தில் நிறுத்தி, யார் அதிகம் என்று கேட்டால் அது என்ன நியாயம்?

மறுநாள் முதலாளியிடம் போனேன்.

“அண்ணாச்சி, இந்தப் படம் சரியில்ல. தலைக்கு எம்புட்டுன்னு பிரிச்சுக் காட்டணும்.”

“ஏம்மா, குடுத்ததை அடிச்சுக் குடுக்கிறதுதான நம்ம வேலை? பார்ட்டி கோவிச்சுக்கிட்டா ஆர்டர் போயிரும்.”

“பிள்ளைக படிக்கப்போற படம் அண்ணாச்சி. பேச மட்டும் விடுங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். “பேசு. மரியாதையாப் பேசு.”

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கார்பன் கணக்கையும் மக்கள்தொகையையும் தேடியெடுத்து, அதே அளவில் இன்னொரு படம் செய்தேன். அதில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வளைகுடா நாடுகளும் வீங்கின. இந்தியா சுருங்கியது.

புரூஃப் பார்க்க வந்த சென்னைக் கம்பெனி அம்மாவிடம், எங்கள் வீட்டு அடுப்பையும் என் அம்மாவையும் பற்றிச் சொல்லி அதைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுவும் முழு நியாயம் இல்லையே? தலைக்குன்னு வகுத்தா உங்க முதலாளியோட ஏசி காரும் உங்க வீட்டு அடுப்பும் ஒண்ணாயிடுது. அவரு உங்க அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிறாரு.”

முதலாளி இருமினார். நான் அதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

“சரிதான் மேடம். அதையும் எழுதிருவோம். ஒரு அளவு பத்தாதுன்னா ரெண்டு வைப்போம். அதுக்காக உங்க பழைய படத்தை மட்டும் வச்சா எப்படி?”

அவர் சிரித்துவிட்டார். இரண்டு படமும் ஒரே அளவில் வரும் என்று முடிவானது. அடியில் ஒரு வரி: ‘ஒரு நாட்டுக்குள்ளும் எல்லோரும் ஒரே அளவு புகை விடுவதில்லை.’

அந்தத் தைரியத்தில் எங்கள் மாவட்டத்து மேகத்தையும் பிடித்துக்கொண்டேன். “ஆலங்குளத்துச் சிமெண்ட் எல்லாம் ஆலங்குளத்துலயா வீடாகுது? சென்னையில மாடி மாடியா நிக்குது. புகையை மட்டும் எங்க தலையில கட்டுறீகளே?”

“எந்த ஊருக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்குக் கொண்டாங்க, மாத்தறேன்” என்றார்.

யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. மேகத்தோடுதான் அச்சானது.

ஈர மையோடு தாள்கள் வந்து விழுந்தபோது முதலாளி கேட்டார்: “அதான் ஜெயிச்சிட்டியே, பெறகென்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“பாதிதான் அண்ணாச்சி.”

அடுத்த வருடம் மறுபதிப்புக்கு ஆர்டர் வந்ததும், அச்சுப் பிளேட் போடுவதற்கு முன்பே அந்த மேகத்தைப் பற்றிப் பேசச் சென்னைக்குப் போன் போட்டேன். “கணக்கு இல்லைன்னா தமிழ்நாட்டுப் படத்தையே எடுத்துடறேன்” என்றார் அந்த அம்மா.

“எடுக்க வேணாம் மேடம். புகை இங்கன, சிமெண்ட் எங்கனன்னு ஒரு கேள்வி போடுங்க. பிள்ளைக கண்டுபிடிக்கட்டும்.”

“நீங்களே எழுதி அனுப்புங்க” என்றார். அன்றைக்கே எழுதி அனுப்பினேன்.