அவர் உடைக்காத ஜன்னல்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பெற்றது எட்டு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. அந்த ஆறில் ஒன்றுகூட இன்றுவரை கோர்ட்டுப் படி ஏறியதில்லை. எங்கள் குடும்பத்தில் ஏறியவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. பண்டாரவளையோடு தண்டவாளம் நின்றுவிடும். பதுளையிலிருந்து அப்புத்தளைக்குப் போகும் வண்டிப் பாதையை ஒட்டி நாங்கள் வேலை பார்த்த தேயிலைத் தோட்டம். மூத்தவன் இடுப்பில், அடுத்தது வயிற்றில். என் வீட்டுக்காரர் தப்பு மேளம் அடிப்பவர். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுப்பதற்கு, ஆளைக் கூப்பிட அடிப்பதும் அவர்தான். கலியாணம், சாவுக்கு அடிப்பதும் அவர்தான். அவர் அடித்தால் எதிர்மலைத் தோட்டத்திலும் எழுந்துகொள்வார்கள். இதில் பொய்யில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பகல் நேரம். பாடைக்கு முன்னால் தப்படித்துக்கொண்டு வண்டிப் பாதையில் போனார்கள். பெண்கள் நாங்கள் பாதை வளையும் ஒரு முடக்கு வரைக்கும் பின்னாலேயே போவோம். அங்கே பாடையை இறக்கித் தலைமாடு கால்மாடு திருப்புவார்கள். நாங்கள் அழுது முடித்துத் திரும்பிவிடுவோம். அப்படி இறக்கப் போகும் நேரம், முடக்குக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோட்டத்துத் துரை குதிரையில் வந்துவிட்டார். குதிரை மிரண்டு இரண்டு காலில் நின்றது. என் வீட்டுக்காரர் தப்பைத் தரையில் போட்டுவிட்டுக் கடிவாளத்தைப் பிடிக்க ஓடினார். பிடிக்குமுன் துரை விழுந்துவிட்டார். கை முறிந்துபோனது.

மறுநாளே பொலிஸ்காரர் வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனார். நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். எங்களை வேலை வாங்கும் கங்காணி பிணை நின்று சாயங்காலம் அழைத்துவந்தார். வரும்போதே கங்காணி முகம் சரியில்லை.

"ஒம் புருஷன் ரெண்டு குத்தத்தையும் ஒத்துக்கிட்டாம்மா. தொரைக்குக் கை தேறி வந்ததும் தீர்ப்பு. மறியல்தான், வேறென்ன" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் திருதிருவென்று விழித்தார்.

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? கும்புட்டேன், அவ்வளவுதானே!"

அங்கே நடந்தது இதுதான். நீதவானுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு முதலியார் உண்டு. அவர் குற்றத்தைப் படித்து, "என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். இவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பி, "தப்புதாங்க சாமி, மன்னிச்சுக்கிடணும்" என்றிருக்கிறார். தோட்டத்தில் துரை முகம் சுளித்தால் நாங்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வோம். செய்தாலும் சொல்வோம், செய்யாவிட்டாலும் சொல்வோம். மரியாதைக்குச் சொல்வது அது. கோர்ட்டில் அதையே எழுதிக்கொள்வார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மறியல் என்றால் ஜெயில்; அங்கே போனால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போய்விடும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எந்த ரோட்டில் நிற்பது? பெரக்கிராசி வைத்துப் பேசுவோம் என்றேன். வழக்குப் பேசுகிறவர்களை அன்று அப்படித்தான் சொல்வோம்.

"வேணாம் புள்ள. தொரைமாரு சங்கதி. இன்னொரு தடவ விழுந்து கும்புட்டா விட்டுருவாங்க" என்றார் இவர்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கேயும் ஒருத்தி, "இவ புருஷன் தொரைக்கு அடுத்த பெரிய கண்டாக்கையா! பெரக்கிராசி வச்சுத்தான் பேசணுமோ?" என்று சிரித்தாள். "ஆமாடி, வைப்பேன். ஒம் புருஷனுக்கு வேணும்னாலும் சொல்லு, ரெண்டு பேருக்கும் சேர்த்தே வச்சுட்டு வாரேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடியுமுன் கிளம்பிப் பதுளைக்கு நடந்தேன். கோர்ட்டு வாசல் மரத்தடியில் தொப்பி வைத்த ஒரு ஆள் ஓடிவந்தான். "வழக்கா தாயி? நீதவான் நமக்கு ரொம்ப வேண்டியவரு. என் கையில குடு, முடிச்சுத் தாரேன்" என்றான். அவனோடு போகத்தான் இருந்தேன். ஆனால் கையில் காசில்லை; காதில் தண்டட்டிதான் இருந்தது. அதை விற்க எங்கள் ஊர்ப்பக்கத்து முதலாளி ஒருவரின் கடைக்குப் போனேன்.

முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தத் தொப்பிக்காரன்கிட்ட போயிறாத. அவன் கோர்ட்டுக்குள்ளயே போக மாட்டான், வாசலோட சரி. யாரு ஒன்கிட்ட 'நிச்சயமா ஜெயிக்கும்'னு சொல்றானோ அவன நம்பாத. என்ன நடந்துச்சுன்னு மொதல்ல கேக்கறவருதான் பெரக்கிராசி" என்று சொல்லி, தண்டட்டிக்குக் காசும் கொடுத்து, ஒரு சந்து வழியைக் காட்டினார்.

அந்தச் சந்தில் இருந்த பெரக்கிராசி யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கறுத்த கோட்டு. அவர் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் முதலாளி சொன்னபடியே, "என்ன நடந்தது? முதல்லையிருந்து சொல்லும்" என்றுதான் தொடங்கினார். முழுக்கக் கேட்டுவிட்டு இரண்டு விரலை நீட்டினார்.

"இது ரெண்டு வழக்கு, பிள்ளை. ஒண்டு, உத்தரவு இல்லாமல் றோட்டிலை தப்படிச்சது. அது அடிச்சவர்தானே? ஓம் எண்டு சொல்லித் தண்டத்தைக் கட்டிப்போட்டு வரலாம். மற்றது, வேணுமெண்டு குதிரையை வெருட்டித் துரையை விழுத்தினது. மறியல் அதுக்குத்தான். அதை அவர் செய்தவரோ?"

"இல்லைங்க. தப்பக் கீழ போட்டுட்டுப் பிடிக்கத்தான் ஓடுனாருங்க. குதிரை மிதிச்சு அந்தத் தப்பே ஒடஞ்சுபோச்சு."

"ஆர் கண்டது?"

"நாந்தாங்க."

"அப்ப நீர்தான் சாட்சி. உடைஞ்ச தப்பையும் கொண்டு வாரும். ஜெயிக்குமோ எண்டு என்னைக் கேக்கவேண்டாம், எனக்குத் தெரியாது. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். செய்யாததை ஒருத்தருக்காகவும் ஓம் எண்டு சொல்லவேண்டாம். அவரிட்டையும் சொல்லும்."

குற்றம் என்றால் எல்லாம் ஒன்று என்றிருந்தேன். செய்தது வேறு, செய்ததாகச் சொல்வது வேறு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரும் வழியெல்லாம் அதையே எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரருக்கும் சொன்னேன். "சரி சரி" என்று தலையை ஆட்டினார்.

வழக்கு நாள் வந்தது. துரை கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் பெரக்கிராசி எழுந்து இங்கிலீஷில் என்னமோ பேசினார். முன்னே சொன்னதை இந்த மனுஷர் விளங்கிச் சொல்லவில்லை, அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டாராம். நீதவான் புருவத்தைத் தூக்கினார். சுவரில் ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டுக் கிடந்தது. எந்தக் காலத்தில் உடைந்ததோ, சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதைக் காட்டி ஏதோ கேட்டார். முதலியார் தமிழில் சொன்னார்: "அந்த ஜன்னலை உடைத்தது நீயா என்று ஐயா கேட்கிறார்."

இவர் ஜன்னலைப் பார்த்தார். நீதவானைப் பார்த்தார். தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"தப்புதாங்க சாமி, மன்னிச்சுக்கிடணும்."

கோர்ட்டே சிரித்தது. பொலிஸ்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நீதவானும் சிரித்துக்கொண்டே, இவர் முன்னே ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்ததை அடித்துவிட்டாராம். நல்லது நடந்துவிட்டது என்று பெரக்கிராசி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்மலையை எழுப்புகிற மனுஷர், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டு நின்றார்.

துரையைக் கூப்பிட்டார்கள். ஒரு ஆள் தன்மேல் பாய்ந்து வந்தான் என்றார். கையில் கம்பு இருந்ததா என்று பெரக்கிராசி கேட்டதற்கு, இருந்திருக்கலாம், நினைவில்லை என்றார். அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கண்டதைச் சொன்னேன். பொலிஸ் பக்கத்து ஆள் எழுந்து கத்தினார். முதலியார் அதைச் சொன்னார்: "புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய், அப்படித்தானே?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது, 'தப்புதாங்க' என்று. கைகூடத் தானாகக் கூப்பப் போனது. கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க. நான் பார்த்தேங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பெரக்கிராசி உடைந்த தப்பை எடுத்து நீதவானிடம் கொடுத்தார். நீதவான் அதைத் துரையிடம் நீட்டினார். துரை ஒரு கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டம் முறிந்து, தோலில் லாடத் தடம் பதிந்திருந்தது. தப்பை மடியில் வைத்துக்கொண்டு எதையோ மெல்லச் சொன்னார். முதலியார் குரலே மாறிப்போனது.

"விழுவதற்கு முன்னால் மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது, என் கைதான் முறிந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்கிறார். அது தரையில் கிடந்த இந்தத் தப்பு உடைந்த சத்தமாம். இந்த ஆள் கையில் ஒன்றும் இருந்திருக்காது, குதிரையைப் பிடிக்கத்தான் வந்திருப்பான் என்கிறார்."

பெரிய வழக்குத் தள்ளுபடி ஆனது. தப்படித்ததற்குத் தண்டம் கட்டினோம், அது செய்ததுதானே. வெளியே வந்ததும் இவர் பெரக்கிராசியின் காலில் விழப்போனார். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்து, "இன்னும் ஒரு வழக்கு வேணுமோ?" என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பி நடந்தோம். துரை விழுந்த அந்த முடக்கு வந்ததும் இவர் நின்றார்.

"புள்ள, அந்த ஜன்னல நான் ஒடைக்கல."

"தெரியும்" என்றேன். இரண்டு பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

புதுத் தோல் கட்டி மறுபடி பெரட்டுக்கு அடித்தார், கடைசிவரைக்கும் அடித்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தண்டட்டி இல்லாத என் காதைப் பிடித்து இழுத்துத்தான் பேரப்பிள்ளைகள் எல்லாம் விளையாடியது. ஆறு பிள்ளைகளுக்கும் நான் சொத்து என்று எதுவும் கொடுக்கவில்லை. செய்ததை ஒத்துக்கொள், செய்யாததற்குக் கும்பிடாதே என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். அந்தக் கூண்டுக் கட்டையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தோன்றும்.

சரி ஆத்தா, எழுதியது போதும். இப்போது முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு. எங்காவது பிழை இருந்தால் காட்டு, பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறேன். காட்டாமல் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.