ஓட்டை போட்ட கேன்

காலை ஏழேகாலுக்கு முதல் குஞ்சு கண்ணை மூடியது. பக்கத்துக் காம்பராவின் ரேடியோவில் அப்போதுதான் நேரம் சொன்னார்கள், அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியும். குஞ்சுகள் உட்கார்ந்தபடியே தூங்குவது வழக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து காலை உதைத்தது. அதற்குச் சற்று முன்னால்தான் என் தம்பி அந்தக் குஞ்சுகளுக்கு நடுவே குந்தியிருந்து, அவற்றைப் போலவே தலை குனிந்து, அதே தட்டில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்திருந்தான். அவனுக்கு இரண்டு வயது. நான் கைகொட்டிச் சிரித்திருந்தேன்.

போன சனிக்கிழமை பண்டாரவளையில் ஒரு கடையில் நின்றபோது அந்தச் சிரிப்பு திரும்ப என் காதில் விழுந்தது. வீட்டின் பின்புறத்தில் வளர்க்க ஆறு குஞ்சு வேண்டும் என்று என் மகள் ஒரு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறாள். குஞ்சு வாங்குவதற்கு முன் தீனிக்கும் தண்ணீருக்கும் வழி செய்ய வேண்டும் என்று நாள் கடத்தியவள் நான்தான். கடைக்காரர் சளைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிவப்பு அடித்தட்டில் கவிழ்த்த வெள்ளைக் கூடு, தொங்கவிடும் தீனி வாளி, நீளத் தகரத் தொட்டி, அலகால் தட்டினால் மட்டும் சொட்டுகிற குழாய். நான் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தேன். இதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டேன்.

"முன்ன என்ன டீச்சர் இருக்கப்போவுது? பெட்டிய இப்பதானே உங்க கண்ணு முன்னாடி பிரிச்சேன்" என்றார் அவர்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினோம். பதுளை வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் இப்படி மணந்து பார்த்துப் பார்த்தே நான் அலுத்துப் போயிருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருந்தோம். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். காம்பராவில் அம்மா, நான், தம்பி, அம்மாவோடு கூடப்பிறந்த மாமா. அம்மா கொழுந்தெடுத்தாள். மாமா பூச்சி மருந்தடிக்கிறவர்களோடு போனார். முதுகில் மருந்துத் தாங்கியைக் கட்டிக்கொண்டு மலை மலையாக ஏறுகிற வேலை. சாயங்காலம் வந்து படுத்தால் விடியும்வரை இருமுவார். அடுத்த மாதத்திலிருந்து அவரை ஸ்டோருக்குள் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வாக்குக் கொடுத்திருந்தார். மாமா இருமும்போதெல்லாம் அம்மா, இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாமாவுக்கு ஒரு குணம் இருந்தது. லயத்தில் எது நல்லபடியாக நடந்தாலும் அது தன்னால்தான் என்பார். மலைநீர் விழும் பீலியில் தண்ணீர் கூடுதலாக வந்தால், முந்தின நாள் அவர் மேலே போய் அடைப்பை எடுத்துவிட்டிருப்பார். அடுத்த காம்பராவின் பசு கன்று போட்டால், அதற்குத் தவிடு வைக்கச் சொன்னவர் அவராக இருப்பார். "மழ பேஞ்சாகூட நான்தான் சொல்லிவிட்டேன்னு சொல்லுவான்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

அம்மா சந்தையிலிருந்து பன்னிரண்டு குஞ்சுகள் வாங்கி வந்தபோது, அவற்றுக்குத் தீனி வைக்கும் பொறுப்பை மாமாதான் எடுத்துக்கொண்டார். தகர மூடியில் குருணையை வைத்தால் குஞ்சுகள் அதிலேயே ஏறி நின்று கிளறி எச்சமிட்டன. மாமா ஒரு மூங்கிலை நெடுக்காகப் பிளந்து தொட்டியாக்கினார். அதன் மேலே ஒரு குச்சியை இரண்டு ஆணிகளில் சுழலும்படி பொருத்தினார். ஏறப் பார்க்கும் குஞ்சைக் குச்சி சுழன்று கீழே தள்ளிவிடும். நல்ல தொட்டி, இன்றைக்கும் ஒத்துக்கொள்வேன். அதைப் பற்றி அவர் லயம் முழுக்க ஒரு வாரம் பேசினார். ஆனால் தண்ணீருக்கு அவர் வைத்தது வெறும் தேங்காய்ச் சிரட்டை, கவிழாமல் இருக்க உள்ளே ஒரு கல். அது நாளைக்கு ஆறு தடவை கவிழ்ந்தது. பீலி எழுபது படி கீழே. ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறியவள் நான்.

மாமாவைவிட நல்லதாக ஒன்று செய்து காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிடித்தது.

மருந்து தீர்ந்த கேன்களை யாரும் தண்ணீர் பிடிக்க எடுத்துப்போய்விடக் கூடாது என்று, ஸ்டோரில் பக்கவாட்டில் அடியை ஒட்டி ஆணியடித்து ஓட்டை போட்டுத்தான் பின்னாலிருந்த குழியில் எறிவார்கள். ஓட்டைக் கேன் யாருக்கும் உதவாது, அதனால் லயத்தில் எவரும் அந்தக் குழிப் பக்கம் போவதில்லை. நான்தான் விஞ்ஞானப் பாடம் படித்தவள். மூடியை இறுக்கிய போத்தலின் அடியில் ஓர் ஓட்டை இருந்தால், அது தண்ணீரில் மூழ்கியதும் காற்று உள்ளே போக வழியில்லாமல் தண்ணீர் நின்றுவிடும் என்று அந்தத் தவணையில்தான் வகுப்பில் செய்து காட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட கேனை ஒரு தட்டில் வைத்தால் ஓட்டை மூழ்கும் வரை தண்ணீர் வரும், பிறகு நிற்கும். குஞ்சு குடிக்கக் குடிக்கத் தானாக ஊறும். ஒரு தடவை நிரப்பினால் ஒரு நாளைக்குக் காணும். யாரும் எடுத்துப்போகாமலிருக்கப் போட்ட ஓட்டை, எனக்கு வேண்டிய இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத நேரம் பார்த்து ஒரு கேனை எடுத்தேன். பீலியில் வைத்துச் சாம்பலும் சவர்க்காரமும் போட்டு மூன்று தடவை கழுவினேன். வாசம் போய்விட்டது என்று நினைத்தேன். மாமாவின் சட்டையில் தினமும் அதே வாசம்தான், எங்கள் காம்பராவில் யாருக்கும் அது தனியாகத் தெரியாது.

மறுநாள் அம்மாவும் மாமாவும் விடிகாலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன பிறகு கேனை நிரப்பி வைத்தேன். பாடசாலை விடுமுறை. தம்பியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விடுவது மட்டும்தான் என் வேலை. தட்டில் தண்ணீர் ஏறி, ஓட்டையைத் தொட்டதும் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் தம்பியைக் கொண்டுபோக மறந்தேன்.

அவன் வாயில் எச்சில் வழியத் தொடங்கியதும் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். என்ன குடித்தான் என்று டிஸ்பென்சரி ஐயா கேட்டார். தண்ணீர் என்றேன். அவர் குனிந்து அவன் வாயை மணந்து பார்த்தார். லொறிக்கு ஆள் அனுப்பிவிட்டு ஊசியை எடுத்தார். அம்மா கொழுந்துக் கூடையோடு அப்படியே ஓடி வந்தாள். கூடையை இறக்காமலே கட்டில் அருகே நின்றாள். அவள் குனியும்போதெல்லாம் தம்பியின் மேல் கொழுந்து உதிர்ந்தது. அவன் கைகால்கள் துடித்தன. பிறகு வெகுநேரம் துடிக்காமலும் கிடந்தான், அது இன்னும் மோசமாக இருந்தது.

லொறி வருவதற்குள் அவன் கண் திறந்து அழுதான். பிறகு பிஸ்கட் கேட்டான். பதுளைக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பிழைத்துக்கொண்டான் என்றார் டிஸ்பென்சரி ஐயா. அப்போதுதான் அம்மா கூடையை இறக்கினாள்.

அதே நேரம் பெரிய கிளாக்கர் வந்தார். அவர் கையில் என் கேன் இருந்தது. ஐந்து குஞ்சுகள் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஸ்டோர் அவர் பொறுப்பு. குழியை மூடாமல் விட்டதற்கு அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும், அது எனக்கு இப்போது புரிகிறது. கேனை அம்மாவின் முன்னால் பிடித்து, இதை எடுத்தது யார் என்று கேட்டார். ஆம்பிளை யாராவது எடுத்திருந்தால் இனி ஸ்டோர் வாசலை மிதிக்க முடியாது, வீட்டுப் பிள்ளைகள் எடுத்திருந்தால் தாயின் பேரை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

பேர் வெட்டுவது என்றால் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாடசாலை வரவு இடாப்பில் எங்கள் பெயர்களுக்கு எதிரேயும் அப்படிக் கோடுகள் விழுவதுண்டு. வேலையும் காம்பராவும் அந்தக் கோட்டோடு போய்விடும் என்று தெரியாது. தம்பி பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியில், கேன் வேலை செய்தது என்ற பெருமை எனக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காதே என்று அவள் கண் சொன்னது.

மாமா வந்தது அப்போதுதான். உச்சி மலையிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தார். தாங்கி இன்னும் முதுகில் இருந்தது, முகத்தில் கட்டிய துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. வாசலில் நின்று இருமி முடித்தார். முதலில் தம்பியைப் பார்த்தார். பிறகு அம்மாவை, கேனை, என்னை.

"அத நான்தாங்க கொண்டாந்தேன்" என்றார் கிளாக்கரிடம். "குஞ்சுக்குத் தண்ணி வைக்க அந்த ஓட்ட தோதா இருக்குன்னு நான்தான் செஞ்சு குடுத்தேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தொட்டி, பீலி, பசுக்கன்று, கடைசியில் என் கேனும். பொய் சொல்றார், அது நான் செஞ்சது, நான்தான் கண்டுபிடிச்சேன் என்று அழுதுகொண்டே கத்தினேன். அம்மாவின் கை என் தோளை நசுக்கியது.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிளாக்கர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"என் மருமக இல்லீங்களா ஐயா. எவன் என்ன செஞ்சாலும் தான் செஞ்சதுன்னு பீத்திக்குவா."