வேட்டியில் விழுந்த வளையம்

கிழக்குத் தாம்பரத்தில் ஏகநாதன் வீட்டு மாடியில் குடியிருந்த ஸ்ரீரங்கனுக்கு எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் உத்தியோகம். காலையில் மின்சார ரயில், மாலையில் மின்சார ரயில், இடையில் கோப்புகள். மனசு மட்டும் எப்போதும் ஆகாயத்தில். மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்திக் கண்ணை வைத்துவிட்டால், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

தொண்ணூற்றாறாம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனன், தொலைநோக்கியில் பொருத்துகிற எலெக்ட்ரானிக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். பிலிம் கிடையாது, படம் நேரே கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஸ்ரீரங்கன் மொட்டைமாடியிலிருந்து படுக்கையறை ஜன்னல் வழியாக ஒயரை இறக்கினார். இனி அந்த ஜன்னலை மூட முடியாது என்று தெரிந்ததும் மனைவி சுந்தரவல்லி, கொசுக்களுக்கும் அமெரிக்காவிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

முதல் படத்தில் நட்சத்திரங்களைவிடப் பொய்ப் புள்ளிகள்தான் அதிகம். புழுக்கத்தில் கேமரா சூடாகித் தானாகவே புள்ளிகளை உண்டாக்குமாம். தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு இன்னொரு படம் எடுத்தால் அதில் பொய்ப் புள்ளிகள் மட்டும் விழும். அவற்றை நிஜப் படத்திலிருந்து கழித்துவிடலாம். அப்படி ஒரு மாலை அவர் இருட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த ஏகநாதன் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"இன்னா சார், மூடிய தொறக்காமயே போட்டோ புடிச்சிகினு கீறீங்க?"

ஸ்ரீரங்கன் பொறுமையாக விளக்கினார். ஏகநாதன் முகத்தில் இரக்கம் படர்ந்தது.

"இருட்டுதான் வோணும்னா கரண்ட்டு போறப்ப நம்ம தெருவுல எடுங்க சார். நெறைய கெடைக்கும்."

இருட்டைப் போலவே வெறும் வெண்மையையும் ஒரு படம் எடுக்க வேண்டும். தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அந்தி வெளிச்சத்தில் எடுத்தால் கேமராவுக்குள் எங்கே மங்கல், எங்கே அழுக்கு என்று தெரிந்துவிடும். கறையில்லாத துணி என்று வீட்டில் இருந்தது கல்யாண மரியாதையாக வந்த ஒரு மல்வேட்டிதான். சுந்தரவல்லி பீரோவைத் திறக்க மறுத்துவிட்டாள். வேஷ்டியைப் போட்டோ எடுக்கிறவர் பெண்டாட்டி என்று காலனியில் பேர் வாங்க அவள் தயாராயில்லை. ஸ்ரீரங்கனும் சோம்பலில் அதை விட்டுவிட்டார்.

ஏப்ரலில் கன்னி ராசிப் பக்கம் ஒரு விண்மீன் மண்டலத்தைப் படமெடுத்தார். அதன் ஓரத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மங்கிய வளையம் தெரிந்தது. மறுபடி எடுத்தார், அதே இடத்தில் அதே வளையம். இன்னொரு முறையும் இருந்தது. காலையில் ரயிலுக்குப் போகிற அவசரத்தில் ஏகநாதனிடம் சொல்லிவிட்டுப் போனதுதான் அவர் செய்த பிழை. சாயங்காலம் திரும்பி வருவதற்குள் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வானம் மூடிக்கொண்டதால் மேற்கொண்டு படமெடுக்க வழியில்லை. கண்டதை ஒரு வானியல் ஆராய்ச்சி மையத்துக்கு எழுதுவதற்கு முன் விட்டுப்போன வேலையை முடித்துவிடலாமென்று ஸ்ரீரங்கன் மறுபடி வேட்டி கேட்டார். இப்போது விஞ்ஞானியின் மனைவியாகிவிட்ட சுந்தரவல்லி, தானே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து ஒரு முனையைப் பிடித்துக் கட்டியும் கொடுத்தாள்.

மங்கிய அந்தியில் படம் எடுத்துக் கீழே போய்த் திரையைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று வேட்டி. அதிலும் அதே இடத்தில் அதே வளையம்.

சுந்தரவல்லிக்கு முதலில் புரியவில்லை. "ஏன்னா, நம்ம வேஷ்டியிலேயும் அது இருக்கா?" என்று பெருமையாகக் கேட்டாள்.

அவர் மாடிக்குப் போய்க் கேமராவைக் கழற்றினார். அதன் கண்ணாடியில் ஒரு தூசி உட்கார்ந்திருந்தது. குவியாமல் விழுந்த அதன் நிழல்தான் வளையமாகத் தெரிந்திருக்கிறது. ஊதினார். பறந்துபோயிற்று.

விழாவை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியபோது ஏகநாதன் அசையவில்லை. "சால்வ வாங்கியாச்சு சார். தூசியோ இன்னாவோ, கண்டுபுட்ச்சது நீங்கதானே?"

மேடையில் ஸ்ரீரங்கன் உண்மையை ஒளிக்காமல் சொன்னார். தான் கண்டது வெறும் தூசி என்றதும் கைதட்டல் ஓயவில்லை. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதசிரோமணி, இந்தப் பெரும் பிரபஞ்சத்தில் நாமெல்லோருமே தூசிதான் என்று அதை எடுத்து விளக்கி, இத்தனை அடக்கம் மேதைகளுக்கே வரும் என்று சால்வையைப் போர்த்தினார். ஸ்ரீரங்கனுக்குச் சால்வைக்குள் வியர்த்துக் கொட்டியது.

மழைக்கு நடுவே வானம் வெளித்த ஆகஸ்ட் மாதத்தில் அவர் நிஜமாகவே ஒரு வளையத்தைப் படமெடுத்தார். சாகும் நட்சத்திரமொன்று உதறிய வாயுப் படலம். உலகத்துக்கு முன்பே தெரிந்ததுதான், ஆனாலும் புகைமோதிரம் போல அழகாக விழுந்திருந்தது. ஏகநாதனிடம் காட்டினார்.

"மறுபடியும் தூசு வந்து குந்திகிச்சே சார். தொடச்சிடுங்க."

ஸ்ரீரங்கன், வளையத்தை எடுத்த அன்றே அந்தியில் புதிதாக எடுத்திருந்த வேட்டிப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். அதில் வளையம் இல்லை. ஏகநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையுமே கேட்டு வாங்கிப் போய், கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் இரும்புக் கடையில் மாட்டினார். ஆணி வாங்க வந்தவர்கள், வெறும் வெள்ளையை எதற்கு மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"மொதல்ல இத்த பாரு. இதுல ஒண்ணும் இல்லேன்னாதான் அதுல கீறது நெசம்" என்பார்.