மிதக்கும் நகரத்தில் ஒரு மின் மீட்டர்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் எங்கள் பைக் நிற்கிறது. கட்டடக்கலை படிக்கும் நண்பன் கதிர், ஏரி தன் பழைய பரப்பை மீட்டுக்கொள்ளும் எதிர்காலத்தைக் கணினியில் வரைந்திருக்கிறான். எங்கும் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் கண்ணாடிக் கோபுரங்கள். மடிக்கணினியில் அந்தப் படத்தைக் காட்டி அதன் பெருமையை, கரையில் வறுத்த மீன் விற்கும் அக்காவிடம் மேடைக்குரிய குரலில் விளக்குகிறேன். "நீர் தன் நிலத்தை மீட்டே தீரும்" என்று முடித்து, கைதட்டலுக்கு இடைவெளியும் விடுகிறேன்.

அக்கா மீனைத் திருப்பிப் போடுகிறார். "அந்த வேப்பமரத்தாண்ட எங்க ஊடு கீதே, படத்துல எங்க?"

அங்கே தண்ணீர்தான் இருக்கிறது.

"போன மாசந்தான் ஏரி நெலம்னு ஆபீசருங்க அளந்துகினு போனாங்க. இத்தப் பாத்தா, இதான் சாக்குனு இட்ச்சிடுவாங்க. ஊட்ட வரைஞ்சிட்டுக் கெளம்பு நைனா."

"இது வெறும் கற்பனைதான் அக்கா" என்கிறான் கதிர்.

"கற்பனைல எங்க ஊடு இர்ந்தா உனக்கு இன்னா கொறைஞ்சிடும்?"

பட்டிமன்றங்களில் எத்தனையோ எதிரணிகளை வாயடைக்கச் செய்தவன் நான். இப்போது இன்னொரு துண்டு மீன் கேட்கிறேன். கதிர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, தகரக் கூரை வீடொன்றைத் தூண்கள்மீது நிறுத்துகிறான். அக்கா எட்டிப் பார்க்கிறார்.

"கரண்டு மீட்டர் எங்க? பட்டா இல்லாதவங்களுக்கு அதாம்பா சாட்சி."

மீட்டர் வருகிறது. கதவு எண்ணும் வருகிறது. அக்காவுக்கு இன்னும் நிறைவில்லை.

"முன்னாடி நிக்கிற கோபுரத்த எட்த்துடு. நம்பர மறைக்குது."

அது கதிரின் மூன்று மாத உழைப்பு. அவன் என்னைப் பார்க்கிறான். நான் மீனைப் பார்க்கிறேன். அவன் கோபுரத்தை அழிக்கிறான்.